தேவையான பொருட்கள்: ஒரு கைக்குட்டை, ஒரு தோழி

பிப்ரவரி 4

அக்கா,

அந்தப் பிள்ளை எழுதியதை நீ படிக்கவில்லை. திருத்தினாய். படிக்கவில்லை.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். "கிளாஸ்ல இருக்கேன் வாலு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன்னுடைய அப்புறம் எப்போது வந்திருக்கிறது? அதனால் எழுதுகிறேன். நடுவில் மணி அடித்து இதை நிறுத்த முடியாது.

இன்று எங்கள் அலுவலகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. வகுப்பறைக்கு வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று நான்தான் வகுப்பெடுத்தேன். மாதிரிக்கு உன் ஏழாம் வகுப்பு வலைப்பதிவைச் சுவரில் பெரிதாகப் போட்டேன். பெருமைதான், வேறென்ன? என் அக்காவின் வகுப்பு என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளின் உண்மைப் பெயர் எங்கும் வரக்கூடாது, ஆளுக்கொரு பட்டப்பெயர் என்ற விதியை விளக்கினேன். ஆசிரியர் நட்சத்திரம் போட்டால் பதிவு தானாக முகப்புக்கு வந்துவிடும் என்று காட்டினேன். முகப்பில் மேலே நின்றது அணில் என்ற பிள்ளையின் பதிவு. 'மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது எப்படி?'

தலைப்பைப் பார்த்ததும் அறை சிரித்தது. "என்னங்க, டயட்டா?" என்றார் ஒரு கணக்கு வாத்தியார். நானும் சிரித்துக்கொண்டே உரக்க வாசித்தேன். பாதிக்கு மேல் சிரித்தது நான் மட்டும்தான். பிறகு நானும் இல்லை. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு டீச்சர் சொன்னார்: "எங்க ஸ்கூல்லயும் இதேதாம்மா. யாரும் எழுதல, அவ்வளவுதான்."

நீ படிக்காததை இங்கே எடுத்து ஒட்டுகிறேன்.

'தேவையான பொருட்கள்: ஒரு கைக்குட்டை, ஒரு தோழி. காலையில் பல் துலக்கும்போது வாயைக் கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. பள்ளிக்கு பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்கள். நடுநடுவே மூடியைத் திறந்து உதட்டை மட்டும் நனைக்கலாம். விளையாட்டு பீரியடில் கால்வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். மதியம் காரமானது சாப்பிடக் கூடாது. ரொம்பத் தாகம் எடுத்தால் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் வைக்கலாம். இவ்வளவு செய்தும் வந்துவிட்டால், கால்மேல் கால் போட்டுக்கொண்டு தோழியின் கையைப் பிடித்தபடி மனதுக்குள் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு நல்லது, ஏனென்றால் அது கஷ்டம். பள்ளி விட்டதும் ஓடக் கூடாது. மெதுவாக நடக்க வேண்டும். வீட்டுக்குப் போனபின் கொஞ்சம் எரியும். அது தானாகச் சரியாகிவிடும்.'

அதற்குக் கீழே நீ எழுதிய கமெண்ட்: 'மிக அருமை அணில்! படிகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறாய். தேவையான பொருட்களோடு தொடங்கியது சிறப்பு. அடுத்த முறை படமும் சேர்க்கலாம்.' கூடவே ஒரு நட்சத்திரம்.

யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்பதை எங்கள் தளம் வைத்திருக்கும். அவள் போட்ட முதல் வடிவத்தில் காற்புள்ளியே இல்லை. நீ ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாய். 'எரியும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய். அந்தப் புள்ளியை வைத்தபோது உன் கண் எங்கே இருந்தது அக்கா?

வாலு

*

பிப்ரவரி 5

வாலு,

ஆரம்பித்துவிட்டாயா? எனக்கு நீதி சொல்ல நீ ஒருத்திதான் பாக்கி.

வலைப்பதிவு வேண்டும் என்று நான் கேட்டேனா? "ஆரம்பிக்கா, ரொம்ப ஈசி, பிள்ளைங்க தானா எழுதுவாங்க" என்று நச்சரித்தவள் நீ. பிள்ளைகள் எழுதினார்கள். திருத்துவது யார்? பரீட்சைத் தாள், பாடக்குறிப்பு, வருகைப் பதிவு, போதாக்குறைக்கு இது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைபேசியில் காற்புள்ளி போடுகிறேன். பக்கத்தில் நிற்கிறவர் என் காலை மிதிக்கிறார். நீ குளிரூட்டிய அறையில் பதிவைச் சுவரில் போட்டுப் பார்க்கிறாய். சுவரில் போட்டால் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

'உங்களுக்குத் தெரிந்த ஒரு செய்முறையை எழுதுக' என்பது தலைப்பு. ஒருத்தன் சைக்கிளுக்குக் காற்றடிப்பது எப்படி என்று எழுதினான். ஒருத்தி தம்பியைத் தூங்கவைப்பது எப்படி என்று எழுதினாள். எல்லாவற்றிலும் நான் பார்த்தது ஒன்றே ஒன்று, படிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று. அணில் வகுப்பிலேயே பெரிய வாயாடி. ஆசிரியர் ஓய்வறையில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அவளுக்குத் தெரியும். விளையாட்டுக்கு எதையாவது எழுதியிருப்பாள் என்று

இதுவரை எழுதிவிட்டு, நீ ஒட்டியிருந்ததை வாசித்தேன். பொய் சொல்லப்போவதில்லை. இப்போதுதான் வாசிக்கிறேன்.

அவளுடைய கைக்குட்டை எப்போதும் ஈரமாக இருக்கும். வியர்வை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, துணியைத் துவைத்துக் கொண்டு வா என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 6

வாலு,

பார்த்தேன்.

இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. எங்களுக்கு மாடியில் தனிக் கழிப்பறை இருக்கிறது. அதன் சாவி ஆசிரியர் ஓய்வறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். நான் தண்ணீர் குடிக்கிறேன், தேநீர் குடிக்கிறேன், எழுந்து போகிறேன், வருகிறேன். இவ்வளவுதான் என் வாழ்க்கை. கீழே பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. வெட்கமாக இல்லையா என்று கேட்காதே. இருக்கிறது.

பெண் பிள்ளைகளின் கழிப்பறை கட்டடத்தின் பின்பக்கம். வெளிக்கதவில் பூட்டு. ஆயாம்மாவிடம் சாவி வாங்கித் திறக்கச் சொன்னேன். "உள்ள போக எடமில்ல மிஸ்" என்றார். நிஜமாகவே இல்லை. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். பள்ளிக் கம்ப்யூட்டர்கள் வந்த பெட்டிகள். வாரண்டி முடியும் வரை பெட்டியை வைத்திருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பழுதான கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். கம்ப்யூட்டர் அறைக்காகக் காலி செய்த பெஞ்சுகள் கால் உடைந்து அதன் மேல் கிடக்கின்றன. எந்த இயந்திரத்தில் உட்கார்ந்து அணில் அந்தப் பதிவை எழுதினாளோ, அதன் அட்டைப்பெட்டி அங்கே பத்திரமாக இருக்கிறது.

பெட்டி வைக்காதது ஓரத்தில் ஒரே ஒரு அறை. அதன் சாவி கிளார்க்கிடம். கட்டணம் கட்ட நிற்கிறவர்கள், பெரிய வகுப்புப் பையன்கள், எல்லார் முன்னாலும் போய்க் கேட்க வேண்டும். "என்ன, அவசரமா? எவ்வளவு அவசரம்?" என்று அவர் சத்தமாகக் கேட்பாராம். ஆயாம்மா சொன்னார், அவர் கெட்டவர் இல்லையாம், தமாஷ் பேர்வழியாம்.

வகுப்பில் பையன்களை விளையாட அனுப்பிவிட்டு, பெண் பிள்ளைகளிடம் கேட்டேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கம்ப்யூட்டர் வந்ததிலேருந்து மிஸ்."

"யாரெல்லாம் தண்ணி குடிக்கறதில்ல?"

எல்லாக் கையும் உயர்ந்தன வாலு. ஒன்று பாக்கியில்லை. பதில் தெரிந்த கேள்வி என்பதால் சந்தோஷமாகத் தூக்கினார்கள்.

"என்கிட்ட ஏன்டி யாருமே சொல்லல?"

அணில் எழுந்தாள். குறும்பு கொஞ்சமும் இல்லை அவள் முகத்தில். நிஜமாகவே குழம்பிப் போயிருந்தாள். "சொன்னேனே மிஸ். பிளாக்ல எழுதினேனே. நீங்க ஸ்டார் குடுத்தீங்களே."

பின்னாலிருந்து ஒருத்தி: "படம் வேற போடச் சொன்னீங்க மிஸ். எதை படம் எடுக்கறதுன்னுதான் எங்களுக்குத் தெரியல."

சிரித்தார்கள். எனக்குத் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்கள். தெரிந்து, சரி என்று சொல்லி, பாராட்டவும் செய்துவிட்டேன் என்று.

இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 7

அக்கா,

வாசித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அதைக் குடிக்கும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அட்டைப்பெட்டிக்குக் கூரை, பிள்ளைக்குப் பூட்டு. அந்த வாரண்டியை யோசித்துப் பார். கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால்?

உடனே செய். முதலில் அந்த நட்சத்திரத்தை எடு. பதிவை அழிக்காதே. அதன் மேல், யாரும் இப்படிச் செய்யக் கூடாது, இது உடம்பைக் கெடுக்கும் என்று உன் பெயரில் குறிப்பு எழுது. பிறகு அந்தப் பெட்டிகளைப் படம் எடுத்து ஆசிரியர் பதிவாகப் போடு. 'ஆசிரியரும் வலைப்பதிவில் எழுத வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் நம்புவார்கள்' என்று ஒவ்வொரு பயிற்சியிலும் கத்துகிறேன். நீ இதுவரை எழுதியது எல்லாம் விடுமுறை வாழ்த்து.

எச்.எம்.மிடம் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கு.

வாலு

*

பிப்ரவரி 11

வாலு,

எச்.எம்.மிடம் போனேன். நட்சத்திரத்தை எடுத்துவிட்டுத்தான் போனேன். குறிப்பும் எழுதிவிட்டேன். படத்தை மட்டும் போடவில்லை. முதலில் பேசிப் பார்க்கலாமே என்றிருந்தேன். திட்டாதே, முழுவதும் படி.

"பொண்ணுங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க டீச்சர். நாமெல்லாம் அப்படித்தானே படிச்சு வந்தோம்?" என்றார். அவரும் பெண்தான். அவருடைய மேஜையில் தண்ணீர்க் குவளை இருந்தது. தட்டு போட்டு மூடியிருந்தது. "டிஜிட்டல் வகுப்பறை விருதுக்கு ஆய்வுக் குழு வருது. அது முடியட்டும், பெட்டியெல்லாம் வேற எடத்துக்கு மாத்திடலாம். பிள்ளைங்கள கொஞ்சம் பாசிட்டிவா எழுதச் சொல்லுங்க." விருதுக்கு எழுதிப்போட்டதே என் வலைப்பதிவை வைத்துத்தானாம். எனக்கு நிரந்தர உத்தரவு வாங்கித் தருவதாகத் தாளாளர் சொன்னதும் அதை நம்பித்தானாம். பள்ளிக்குச் சொந்தக்காரர் அவர். அவர் சொன்னால் நடக்கும்.

இதையெல்லாம் சனிக்கிழமையே எழுதியிருப்பேன். நேற்று நடந்தது வேறு.

ஆறாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண். பட்டாணி என்பார்கள், அவ்வளவு சிறிசு. இந்த வருடம்தான் சேர்ந்தாள். நேற்றுக் காலையில் மாடிப்படியில் விழுந்தாள். தொட்டால் கொதிக்கிறது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொற்று சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார் டாக்டர். "குழந்தை தண்ணியே குடிக்கறதில்லையா? ஸ்கூல்ல யாரும் பாக்க மாட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

பட்டாணியின் அம்மா வந்தார். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். கைபேசியை நீட்டினார்.

போன மாதம் ஆறாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். 'ஏழாம் வகுப்பு வலைப்பதிவில் நட்சத்திரம் பெற்ற ஒரு செய்முறையைச் செய்து பார்த்து, அனுபவத்தைக் கமெண்டாக எழுதுக.' உன் பயிற்சிக் கையேட்டில் இருந்த யோசனை அது. ஒரு வகுப்பின் எழுத்தை இன்னொரு வகுப்பு வாசிக்கச் செய்யுங்கள் என்று போட்டிருந்தாய். பட்டாணி எழுதியிருக்கிறாள்:

'செய்து பார்த்தேன். நன்றாக வேலை செய்கிறது. இப்போதெல்லாம் நான் சாவி கேட்பதே இல்லை. எரிகிறது. ஆனால் சரியாகிவிடும் என்று அக்கா எழுதியிருப்பதால் பயமில்லை. நன்றி அக்கா.'

"இத அப்ரூவ் பண்ணது நீங்கதானே மிஸ்?" என்றார் அந்த அம்மா.

நான்தான். எல்லாக் கமெண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அனுமதித்துவிட்டேன். நேரம் மிச்சம் என்று நீதான் அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தாய். உன்மேல் பழி போடவில்லை. இல்லை, போடுகிறேன். நான் ஒருத்தியே சுமக்க என்னால் முடியவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 12

அக்கா,

பட்டாணி எப்படி இருக்கிறாள்? முதலில் அதை எழுது.

அந்தக் குறுக்குவழியை எல்லாப் பயிற்சியிலும் நான் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் ஆசிரியர்கள் கைதட்டுவார்கள். வகுப்பிலேயே அதிகக் கைதட்டல் வாங்குகிற இடம் அதுதான். இன்று கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். 'வேலைப்பளு குறையும்' என்று நான் எழுதியிருக்கிறேன். எத்தனை பள்ளிகளில் எத்தனை பேர் ஒரே அழுத்தில் எதையெல்லாம் அனுமதித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பழியைப் போடு. பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பழி நம் இருவரோடு நிற்கட்டும். அது கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள். இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் கீழேதான் இறங்கும்.

வாலு

*

பிப்ரவரி 14

வாலு,

பட்டாணி பிழைத்துவிட்டாள். காய்ச்சல் விட்டிருக்கிறது. ஊசி இன்னும் போகிறது.

நீ சொன்னபடியே ஆயிற்று. இறங்கிவிட்டது.

நேற்று தாளாளர் அறையில் கூட்டம். எச்.எம்., கிளார்க், நான், அணிலின் அம்மா. சலவைக்கூடத்தில் விரிப்பு அலசுகிற வேலை அவருக்கு. ஈரக் கையோடு வந்திருந்தார். உட்காரச் சொல்ல ஆளில்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க பொண்ணு விஷமத்தனமா எதையோ எழுதிவெச்சிருக்கு. அதப் படிச்சிட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கு" என்றார் தாளாளர்.

"எழுதச் சொன்னது யாருங்க?" என்றார் அந்த அம்மா. குரல் உயரவே இல்லை. "மிஸ்தானே சொன்னாங்க. எழுதினா மார்க்குன்னாங்க. நல்லா எழுதியிருக்கேன்னு வேற சொன்னாங்களாம். வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வந்துச்சு என் பொண்ணு."

"பள்ளியில கழிப்பறையே இல்லங்கற மாதிரி எழுதியிருக்கும்மா. வாங்க, பாக்கலாம்."

எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். கதவு திறந்திருந்தது. பெட்டியும் இல்லை, பெஞ்சும் இல்லை. தரை கழுவிப் பினாயில் வாசனை. கண்ணாடி, சோப்பு, ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. கிளார்க் எல்லாவற்றையும் படம் எடுத்தார். காலைக்குள் எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஆயாம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அணிலின் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.

திரும்பி வந்ததும், அவர்கள் கண்முன்னாலேயே அணிலின் பதிவை அழித்தேன். ஆமாம். அழித்தேன். என் கைபேசியில், என் விரலால்.

இப்போது ஒரு அறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 'மாணவி எழுதியது முழுக்கக் கற்பனை. பள்ளியில் கழிப்பறை வசதி எப்போதும் இருந்துவந்துள்ளது.' நான் போட்டால் அணிலுக்கு டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இலவச இடத்தில் படிக்கிற பிள்ளை, கேட்க ஆளில்லை. நான் போடாவிட்டால் எனக்கு நிரந்தர உத்தரவு இல்லை. அடுத்த வருடம் வேலையே இருக்குமா தெரியாது. அம்மாவும் நானும் இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறோம், உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறார்கள். அழித்த பதிவு தளத்தின் குப்பைத்தொட்டியில் ஒரு மாதம் இருக்குமாமே? கிளார்க்கின் மகன் சொன்னானாம். அதையும் காலி செய்ய உன் முதன்மைக் கணக்கால்தான் முடியும். செய்துவிடேன் வாலு.

அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

செய்ய மாட்டேன்.

நீ கேட்டது என்னவென்று உனக்குத் தெரிகிறதா? உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் அக்கா எழுதியதுதானா என்று பார்த்தேன். உன் எழுத்துதான், உன் காற்புள்ளிதான்.

நீ எச்.எம்.மிடம் போய்ச் சொன்னாய், கதவு திறக்கவில்லை. டாக்டர் கேட்டார், திறக்கவில்லை. அந்தப் பிள்ளை எழுதியது ஊர் கண்ணில் பட்டுவிடும் என்று பயம் வந்ததும் ஒரே காலையில் திறந்துவிட்டார்கள். அந்தப் பள்ளியில் உருப்படியாக ஒரு வேலை நடக்கவைத்தவள் அணில் ஒருத்திதான். அவளை வெளியே அனுப்பிவிட்டு, அவள் திறந்துவைத்த கழிப்பறையை ஆய்வுக் குழுவுக்குக் காட்டுவார்கள். பூந்தொட்டியோடு.

வேலை போனால் போகட்டும் என்று நான் சுலபமாகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். சுலபம் இல்லை, தெரியும். இங்கே என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பட்டினி கிடக்க மாட்டோம். அணிலின் அம்மாவுக்கு இந்த மாதிரிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கையெழுத்துப் போடாதே. பதிவைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியும், ஒரே அழுத்துதான். உன் வகுப்பு, அதனால் உன் வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

வாலு

*

பிப்ரவரி 17

வாலு,

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அணில் அங்கே உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் தினமும் பட்டாணியைப் பார்க்க வந்துவிடுகிறாளாம். பட்டாணியின் அம்மா அவளைத் துரத்தவில்லை. இரண்டு பேரும் பெரிய பாட்டிலிலிருந்து மாறி மாறித் தண்ணீர் குடிக்கிறார்கள், யார் அதிகம் என்று போட்டி. பட்டாணி ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அணில் எழுந்து நின்றாள். "மிஸ், நான் தப்பா எழுதிட்டேனா?"

"இல்லடி."

"அப்போ ஏன் மிஸ் அழிச்சீங்க?"

பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கற்றுக்கொடுக்கிறவள் என்று சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

நாளைக்குக் கூட்டம். கையெழுத்துப் போட மாட்டேன். இதை எழுதிவைப்பதே, நாளை அந்த அறையில் எனக்குப் பயம் வந்தால் நான் எழுதியதை நீ பார்த்துவிட்டாய் என்ற நினைப்பாவது என்னைப் பிடித்து நிறுத்தட்டும் என்றுதான்.

கூட்டம் முடிந்ததும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு பதிவை நீ திரும்பப் போடு.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

என்ன ஆயிற்று? போனையும் எடுக்கவில்லை. அம்மாவிடம் பேசினேன். "அவ நல்லாத்தான் இருக்கா, ஆய்வு வருதுன்னு ஓடிக்கிட்டிருக்கா, நீ தொந்தரவு பண்ணாத" என்றாள்.

வேலை போய்விட்டதா? போயிருந்தாலும் சொல். ரயிலுக்குச் சீட்டு எடுத்து அனுப்புகிறேன்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். பதிவு இன்னும் என் பக்கம் இருக்கிறது.

வாலு

*

பிப்ரவரி 27

அக்கா,

அம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். உனக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டதாம். அவள் பேசும்போதே நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். "என்னடி, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வலைப்பதிவைத் திறந்தேன். முகப்பில் 'எங்கள் தூய்மையான பள்ளி' என்று ஒரு பதிவு. பூந்தொட்டியின் படம். நட்சத்திரம்.

சரி, பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று குப்பைத்தொட்டியைத் திறந்தேன். காலி. நான் காலி செய்யவில்லையே என்று மாணவர் பட்டியலைப் பார்த்தேன். அணில் இல்லை. ஒரு மாணவரின் கணக்கை நீக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு, அந்த உரிமையை உனக்குக் கொடுத்தது நான்தான். நீக்கும்போது தளம் ஒரு கேள்வி கேட்கும். 'இவர் எழுதியவற்றை என்ன செய்வது? வேறொருவர் பெயருக்கு மாற்றவா, எல்லாவற்றையும் அழிக்கவா?' யாரோ நின்று, அந்தக் கேள்வியைப் பார்த்து, அழி என்று சொல்லியிருக்கிறார்கள். குப்பையில் இருந்ததும் அதோடு சேர்ந்து போய்விட்டது. செய்தது உன் கணக்கு. பிப்ரவரி பதினெட்டு, மதியம்.

நீயே செய்தாயா, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாயா? எனக்குத் தெரிய வேண்டாம். முந்தின நாள் நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு நாள் அக்கா. ஒரே ஒரு நாள்கூடத் தாங்கவில்லையா?

ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. காரணம் எல்லாம் உன்னிடம் இருக்கும், நியாயமாகவும் இருக்கும். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். வருடத்தின் நடுவில், இப்படியொரு அறிக்கையோடு வெளியே அனுப்பிய பிள்ளையை யார் சேர்த்துக்கொண்டார்கள்? அணில் எந்தப் பள்ளியில் இருக்கிறாள்?

எழுது.

வாலு

*

மார்ச் 12

அக்கா,

சலவைக்கூடத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அந்த அம்மா வேலையை விட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நீ அந்தப் பிள்ளையின் ஆசிரியை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அணில் எங்கே? எழுது.